ஸ்ரீரங்கத்துக்கு வந்த மம்மி

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில் டைகர் பாம், சென்ட் பாட்டில், ஆளுக்கொரு டி-ஷர்ட் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வீடியோ கேசட் கிடந்தது. அதன் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் ‘மம்மி, 2 படம்’ என்று எழுதியிருந்தார். அங்கே டி.வி.யில் நடுராத்திரி போட்டதைப் பதிவு செய்தாராம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் உத்திர வீதியில் டி.வி. இருந்த வீடுகளே கொஞ்சம். டெக் இருந்த வீடு அதிலும் அபூர்வம். டெக்கை ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து வருவார்கள். விடிந்ததும் கடைப் பையன் வந்து வாசலில் நிற்பான். அதற்குள் முடிந்தமட்டும் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

அன்றைக்கு முதலில் பாட்டிக்காக ஒரு பக்திப் படம், அடுத்து பெரியவர்களுக்காக ஒரு ரஜினி படம். பெரியவர்கள் கண்ணயர்ந்த பிறகுதான் சித்தப்பாவின் கேசட்டுக்கு முறை வந்தது. கூடத்தில் பாயில் நாங்கள் பிள்ளைகள். பாட்டி தூணில் சாய்ந்தபடி தூங்குவதுபோல் இருந்தாள்.

1932இல் யுனிவர்சல் கம்பெனி எடுத்த ‘தி மம்மி’ அது. ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் புரியும். அந்தப் படத்துக்குப் பாதியே அதிகம். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக எகிப்தில் தோண்டுகிறவர்கள் ஒரு சவத்தையும் ஒரு பெட்டியையும் கண்டெடுக்கிறார்கள். பெட்டியைத் திறக்காதே என்று எச்சரிக்கை. பெரியவர்கள் வெளியே போய் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்க, ஒரு இளைஞன் மட்டும் தனியாக உட்கார்ந்து பெட்டிக்குள் இருந்த ஓலையை எடுத்து உதட்டுக்குள் படிக்கிறான். பின்னால் செங்குத்தாக நிற்கிற சவப்பெட்டி. அதில் இருப்பவனின் கண் ஒரு கீற்று திறக்கிறது. மார்பில் கட்டிய கை மெல்ல நழுவி இறங்குகிறது. பின்னணி இசை கிடையாது. அப்புறம் ஓலைமேல் ஒரு கை. வாசற்படியில் இழுபட்டுப் போகிற துணிக் கீற்று. அவ்வளவுதான் காட்டுகிறார்கள். அந்த இளைஞன் சிரிக்க ஆரம்பிக்கிறான். அந்தச் சிரிப்பு நிற்கவே நிற்காது. என் தங்கை போர்வைக்குள் போய்விட்டாள்.

அந்த ஒரு காட்சிக்காக, மம்மியாக நடித்த போரிஸ் கார்லாஃபுக்கு ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக்காரர் எட்டு மணி நேரம் வேலை செய்தார் என்று பிற்பாடு படித்தேன். முகத்தில் பஞ்சும் பசையும், தலையில் களிமண், உடம்பெல்லாம் பொசுக்கிப் பழசாக்கிய துணிப் பட்டை. இத்தனை பாடுபட்டுவிட்டு, திரையில் ஒரு சில நிமிஷங்களுக்குமேல் காட்டாமல் விட்டார்களே, அந்தக் கட்டுப்பாடுதான் கலை. இயக்கியவர் கார்ல் ஃப்ராய்ண்ட். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் கேமராமேன்களில் ஒருவர். எதைக் காட்டாமல் விட வேண்டும் என்று கேமராமேனுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

எங்களுக்கு அப்போது அது புரியவில்லை. துணி சுற்றிய ஆள் திரும்ப வருவான், திரும்ப வருவான் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. பத்து வருஷம் கழித்து, சுருங்கிய தோலும் துருக்கித் தொப்பியுமாக ஒரு உயரமான மனிதன் வந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். அப்போதுதான் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டா, அவன் யாருடா? கண்ணாலயே பேசறானே!”

சொன்னேன். மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அவன் எகிப்தில் ஒரு கோயில் பூசாரி. ராஜாவின் பெண்மேல் ஆசைப்பட்டான். அவள் செத்துப்போனதும், கோயிலில் இருந்த மந்திர ஓலையைத் திருடி அவளை எழுப்பப் பார்த்தான். பிடித்து உயிரோடு புதைத்துவிட்டார்கள். அவனைப் புதைத்த அடிமைகளைக் கொன்றார்கள். கொன்ற சிப்பாய்களையும் கொன்றார்கள், இடம் யாருக்கும் தெரியக்கூடாதென்று. இப்போது எழுந்து வந்து, கெய்ரோவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து நீதான் அவள் என்கிறான்.

“பூர்வ ஜென்ம பந்தமா? அதை முதல்லயே சொல்லியிருக்கப்படாதோ?” என்று தூணைவிட்டு நகர்ந்து முன்னால் வந்துவிட்டாள். அதன்பிறகு எனக்கே அவள்தான் கதை சொன்னாள். அவன் அந்தப் பெண்ணுக்குத் தடாகத்து நீரில் பழைய காலத்தைக் காட்டினால், ஞானதிருஷ்டி. தூரத்தில் இருக்கிறவனைக் கையை நீட்டியே கொல்கிறானே என்றால், பிரயோகம் பண்றான். கடைசியில் அவளைக் கொன்று, தன்னைப்போலவே சாகாதவளாக்கக் கத்தியை எடுக்கிறான். அவள் ஐசிஸ் தெய்வத்தின் சிலைமுன் மண்டியிட்டு வேண்டுகிறாள். சிலை கையைத் தூக்குகிறது. பளீரென்று ஒரு வெளிச்சம். ஓலை எரிகிறது, அவன் எலும்பும் தூளுமாக உதிர்கிறான்.

“தாயார் கைய தூக்கிட்டாடா!” என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஹாலிவுட்டின் பேய்ப் படங்களில் அந்த ஒன்று மட்டும் ஏன் நம் அம்மன் படம் மாதிரி முடிகிறது என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. டிராகுலாவை ஒழிக்க ஒரு பேராசிரியர் ஆப்பும் கையுமாக வருகிறார். அதே நடிகர், எட்வர்ட் வான் ஸ்லோன், இந்தப் படத்திலும் பேராசிரியராக வந்து எல்லாம் தெரிந்தவர்போலப் பேசிவிட்டு, முடிவில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறார். காரியத்தை முடிப்பது தெய்வம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண் ஒவ்வொரு யுகத்திலும் எங்கெங்கே பிறந்தாள் என்று வரிசையாகப் பல பிறவிகளை எடுத்து, பிறகு வெட்டி எறிந்துவிட்டார்கள். அதில் நடித்த ஒருவரின் பெயர் மட்டும் நடிகர் பட்டியலில் தங்கிவிட்டது. அமெரிக்கர்களுக்கு அத்தனை ஜென்மம் தாங்காது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் கூடத்தில் ஓட்டியிருந்தால் பாட்டி இன்னும் நாலு ஜென்மம் கேட்டிருப்பாள்.

ஏனென்றால் நாங்கள் ஏற்கெனவே ‘நெஞ்சம் மறப்பதில்லை’ பார்த்தவர்கள். 1963இல் ஸ்ரீதர் எடுத்தது. வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் அந்தப் பாழடைந்த ஜமீன் மாளிகையும் அதற்குள்ளிருந்து வரும் அழுகையும் ஃப்ராய்ண்டின் கல்லறையைவிட எனக்கு அதிகம் குளிரெடுக்கும். கல்யாண்குமாரும் தேவிகாவும் மறுபிறவி எடுத்து வருகிறார்கள். முன்பிறவியில் அவர்களைப் பிரித்த ஜமீன்தார் நம்பியார் நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார். கார்லாஃப் காதலுக்காகக் காத்திருந்தான், நம்பியார் பகைக்காகக் காத்திருந்தார். எனக்கு நம்பியார்தான் பயங்கரம். மந்திர ஓலை, மூலிகை எதுவும் இல்லாமல், வெறும் வர்மத்தினாலேயே ஒரு கிழவர் உயிரோடு இருக்க முடியும் என்பதை நம்புவதற்கு எந்த எகிப்தும் வேண்டாம். எங்கள் வீதியிலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்த ராத்திரி கேசட்டின் இரண்டாவது படம் பாதியில் கரண்ட் போயிற்று. 1940இல் வந்த ‘தி மம்மீஸ் ஹேண்ட்’. சிம்னி விளக்கை ஏற்றிவைத்துவிட்டுப் பாட்டி, “பொணம் எழுந்து நடந்தா ஒரு பயமா? உயிரோட இருக்கறவா பொணமாட்டம் படுத்துண்டிருந்தாளே, அந்தக் கதை கேக்கறியா?” என்றாள்.

1323ஆம் ஆண்டு. டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நோக்கி வருகிறது. பிள்ளை லோகாசாரியர் உற்சவர் அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு தெற்கே போகிறார். மூலவரை எங்கே தூக்கிப் போவது? பள்ளிகொண்ட பெருமாள், அதுவும் சுதைத் திருமேனி. சன்னிதி வாசலில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, உள்ளே பெருமாள் இருப்பதே தெரியாதபடி அடைத்தார்கள். கல்திரை என்பார்கள். பிறகு ஊருக்குள் வெட்டு. வேதாந்த தேசிகன், சுதர்சன சூரி எழுதிய ச்ருதப்ரகாசிகை ஓலைச்சுவடிகளையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்ற, வெட்டுண்டு கிடந்த சடலங்களுக்கு நடுவே பிணத்தோடு பிணமாக ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. மார்பில் ஓலை. இரண்டு பக்கமும் மூச்சுவிடப் பயந்த குழந்தைகள்.

பாட்டி இதைச் சொல்லும்போது குரலை ஏற்றவோ இறக்கவோ மாட்டாள். பால் கணக்குச் சொல்கிற குரல்தான். அன்றைக்குத்தான் எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

உற்சவர் பல ஊர்கள் சுற்றி 1371இல் திரும்பி வந்தார். விஜயநகரத் தளபதி கோபண்ணா கொண்டுவந்து சேர்த்தார். அடைத்த சன்னிதி திறந்தது. மம்மிப் படங்களை எப்போது பார்த்தாலும் எனக்கு இடிக்கிற இடம் இதுதான். அந்தப் படங்களில் மூடிய அறையைத் திறப்பது கேடு. திறந்தவன் சாவான், சாகாவிட்டால் பைத்தியமாவான். நான் பிறந்த ஊரில் மூடிய அறை திறந்த நாள் உற்சவ நாள்.

சாகாத உடம்பு விஷயமும் அப்படியே. இராமானுசர் 1017இல் பிறந்து, 120 திருநட்சத்திரம் இருந்து, 1137இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார். துறவிகளை எரிப்பதில்லை. கோயிலுக்குள்ளேயே பள்ளிப்படுத்தினார்கள். அந்தத் திருமேனிதான் ஸ்ரீரங்கத்தில் உடையவர் சன்னிதியில் பத்மாசனத்தில் எழுந்தருளியிருக்கிறது என்பது சம்பிரதாயம். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தான் உகந்த திருமேனி, திருநாராயணபுரத்தில் தமர் உகந்த திருமேனி, இங்கே தானான திருமேனி. இதற்கு அபிஷேகம் கிடையாது. வருஷத்துக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்த காப்பு மட்டும் சார்த்துவார்கள். அதனால் ஒரு செங்காவி நிறம். அழுந்திப் பார்த்தால் நகம்கூடத் தெரியும் என்று பாட்டி சொல்வாள். பார்த்திருக்கிறேன் என்றும் பார்க்கவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. ஏழு வயதில் என்ன பார்த்தோம், எதைக் கேட்டோம் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

பரீட்சைக்குப் போகிற காலையில் “உடையவரைச் சேவிச்சிண்டு போ” என்று அனுப்புவார்கள். சன்னிதிக்குள் ஓடிப்போய் நின்று, கணக்கில் அறுபதாவது வேண்டும் என்று கேட்டுவிட்டு, பஸ் பிடிக்கத் திரும்ப ஓடுவோம். எண்ணூற்றைம்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் ஒரு நாளும் எங்களுக்குப் பயம் தோன்றியதில்லை.

எகிப்தியர் செய்தது வேறு கைவேலை. நேட்ரான் என்ற உப்பில் நாற்பது நாள் உடலைப் போட்டு ஈரத்தை உறிஞ்சுவார்கள். சுற்றிக் கட்டி முடிக்க மொத்தம் எழுபது நாள் ஆகும். மூளையை மூக்கு வழியாக எடுத்து எறிந்துவிடுவார்கள், அதற்கு மதிப்பில்லை. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் நான்கு ஜாடிகளில். இதயத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள், மறுமையில் எடை போட வேண்டுமே. அத்தனையும் செய்தது பூட்டி வைக்கத்தான். மனிதர் கண்ணே படக்கூடாது. இங்கே தினம் நடை திறக்கிறார்கள்.

திருச்சி முழுக்க இந்தப் பழக்கம் உண்டு என்பேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜேசு சபைப் பள்ளியில் என்னோடு படித்த நண்பன் 1984 கடைசியில் குடும்பத்தோடு கோவா போய்ப் புனித சவேரியாரின் உடலைத் தரிசித்து வந்தான். 1552இல் இறந்தவர். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். வெள்ளிப் பேழையையும், வலது கை ரோமில் இருப்பதையும், யாரோ ஒரு பக்தை கால் விரலைக் கடித்து எடுத்துப்போன கதையையும் அவன் மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் சொன்னான். எங்களில் ஒருவனும் டிபன் பாக்ஸை மூடவில்லை. நத்தர்வலி தர்காவில் சாயங்காலம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். ஓயாமரிச் சுடுகாட்டுப் பக்கம் பகலில்கூடப் போகப் பயந்த அதே பையன்கள், அடங்கிய மகான்களிடம் மட்டும் உரிமையோடு போய் நிற்போம்.

பிறகு ஏன் வெள்ளைக்காரனுக்கு மட்டும் அந்த உடம்பு பயங்கரமாகிறது? 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். பணம் போட்ட கார்னர்வன் பிரபு ஐந்தே மாதத்தில், கொசுக்கடி சீழ் பிடித்து இறந்தார். பத்திரிகைகள் சாபம் என்று எழுதித் தீர்த்தன. அந்தக் கல்லறைத் திறப்பைப் பற்றிச் செய்தி எழுதிய ஜான் பால்டர்ஸ்டன்தான் பத்து வருஷம் கழித்து ‘தி மம்மி’க்குத் திரைக்கதை எழுதினார். ஆனால் பயம் அதற்கும் பழையது. 1868இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’ நாவலில், கோயில் வைரம் ஒன்று இங்கிலாந்துக்குப் போக, அதைத் தேடி மூன்று பிராமணர்கள் கடல் கடந்து பின்தொடர்கிறார்கள். அதன் முன்னுரையில் அவர் சொல்கிற கற்களில் ஒன்று ரஷ்ய ராஜ செங்கோலில் உள்ள ஆர்லோவ் வைரம். அது ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணாக இருந்தது என்றும், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓடிய ஒரு சிப்பாய் பக்தன் வேஷம் போட்டுப் பெயர்த்துக்கொண்டு போனான் என்றும் ஒரு கதை உலகம் முழுக்க உலவுகிறது.

கதைதான். பட்டர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பிரெஞ்சுப் படை கோயில் மதில்களுக்குள் இருந்ததும், 1752இல் இங்கேயே சரணடைந்ததும் சரித்திரம். அவர்களோடு நின்ற சந்தா சாகிப் தலையை இழந்ததும் அப்போதுதான். திருடியவன் நாட்டில்தான் சாபக் கதை பிறக்கிறது. பறிகொடுத்த ஊரில் பாட்டி பால் கணக்குச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். 1942இல் வந்த ‘தி மம்மீஸ் டூம்’ படத்தைப் பாருங்கள். எகிப்தில் கல்லறையைத் தோண்டியவர் முப்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறார். ஒரு பூசாரி மம்மியைக் கப்பலேற்றி அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறான். காலின்ஸின் பிராமணர்களுக்குத் துணி சுற்றி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவே.

கார்லாஃபைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தந்தை பிரிட்டிஷ் இந்தியாவில் உப்பு வரி இலாகா அதிகாரி. குடும்பத்தில் இந்திய ரத்தம் இருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். லண்டனில் அந்தக் கறுத்த நிறம் அவருக்கு ஒரு சுமை. ஹாலிவுட்டில் அதுவே சோறு போட்டது. பாட்டி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால், அதுதானே பார்த்தேன் என்றிருப்பாள்.

மற்ற படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘தி மம்மீஸ் ஹேண்ட்’ படத்தில், கார்லாஃப் நடித்த இம்ஹோடெப் போய் காரிஸ் என்ற மம்மி வந்தான். பேச்சுக் கிடையாது, ஒரு காலை இழுத்துக்கொண்டு நடப்பான். தானா என்ற செடியின் இலை மூன்றைக் காய்ச்சிக் கொடுத்தால் இதயம் துடிக்கும், ஒன்பது கொடுத்தால் எழுந்து நடப்பான். கஷாய வைத்தியம். முன்கதையைச் சொல்ல 1932 படத்தின் துண்டுகளையே வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். அடுத்த மூன்று படங்களில் லான் சேனி ஜூனியர் கட்டுக்குள் புகுந்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, பார்க்கிற நமக்கும் தெரிகிறது. முப்பது வருஷம், இருபத்தைந்து வருஷம் என்று கதையில் கூட்டிக்கொண்டே போனதில் 1944இல் வந்த கடைசிப் படம் கணக்குப்படி 1990களில் நடக்க வேண்டும். சட்டையும் காரும் நாற்பதுகளிலேயே நிற்கின்றன. ‘தி மம்மீஸ் கோஸ்ட்’ படத்தின் முடிவுக்கு மட்டும் ஒரு வணக்கம். கதாநாயகன் கண்ணெதிரே காதலி கிழவியாகிக்கொண்டே போக, காரிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் அமிழ்கிறான். நம்பியாரும் புதைமணலில்தான் போனார்.

கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் நிஜ மம்மி ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி, கறுத்த முகம், சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல். எனக்குத் தோன்றியது பயமில்லை, சங்கடம். யாரோ ஒருவர் எழுபது நாள் உட்கார்ந்து, யார் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்று சுற்றிக் கட்டிய உடம்பு. டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘தி மம்மி’ படத்தில் கார்லாஃப் கெய்ரோ மியூசியத்தில் தன் காதலியின் சவத்துக்குப் பக்கத்தில் மண்டியிடுகிற காட்சி நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் அவன் பேயே அல்ல, சொந்தக்காரன்.

அந்த ஒரு படத்தை மட்டும் தேடிப் பாருங்கள். 73 நிமிஷம்தான். மற்ற நாலையும் விட்டுவிடலாம். கார்லாஃபைப் பார்த்த கையோடு எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: இப்போது சில கைடுகள் வெளிநாட்டுக்காரர்களிடம் ‘ஸ்ரீரங்கம் மம்மி’ என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். நீங்களும் அப்படிக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள். உடையவர் சன்னிதி எங்கே என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும்.